முன்பக்கம் எது என்பது குறித்து

ஒரு கல்யாணத்துக்குப் பெண் ஒருத்தியும் மாப்பிள்ளை ஒருத்தரும் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. மணத்தோழிகள் மூன்று பேரும் வேண்டும். மூவரும் ஒரே நிறத்தில், ஒரே துணியில், ஒரே தையலில் கவுன் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. இதை யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அமலில் இருக்கிறது.

மேற்படி மூவரில் நானும் ஒருத்தி.

கல்யாணப் பெண் சான்றிதழ் அலுவலகத்தில் எழுத்தர். நாங்கள் நாலு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவளுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவளை மேடம் என்று கூப்பிடுகிறோம். கிண்டலுக்காகத்தான் ஆரம்பித்தோம். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாததால் அதுவே நிலைத்துவிட்டது.

மேடம் எங்கள் மூன்று பேருக்கும் போனில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாள்.

"பொருள்: மணத்தோழியர் உடை வாங்குதல் - நகரப் பயணம் - தொடர்பாக. மூவரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் தவறாமல் ஆஜராக வேண்டும். ஞாயிறு மாலை ஊர் திரும்பப்படும். தாமதமானால் தக்க காரணம் எழுத்து மூலம் தரப்பட வேண்டும்."

கீழே ஒரு பூவும் ஒரு முத்தமும் இருந்தன. அவை இல்லாவிட்டால் என் மேல் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு கவலை. என் மகனுக்கு ஏழு மாதம். பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். புட்டியில் பால் கொடுத்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்பது போல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனுக்கு நான்தான் வேண்டும். கல்யாணமோ மூன்று மணி நேரம். ஆகவே எனக்கு முன்னால் திறக்கிற கவுன் வேண்டும். இல்லாவிட்டால் என்னால் தோழியாக நிற்க முடியாது.

இவ்வளவுதான் விஷயம். இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சம். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே வந்தது.

"என்னடி முணுமுணுக்கிற?" என்றாள் நெட்டை. அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, தன் வாயை மூடுவது எப்படி என்று மறந்துபோனவள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உதடு அசையுது?"

"விடுடி அவள," என்றாள் பேக்கரி. அவள் பேக்கரி வைத்திருக்கிறாள், ஆகவே பேக்கரி. மடியில் ஒரு பெரிய டப்பா நிறைய பன் வைத்திருந்தாள். "நகரத்துல எல்லாம் கிடைக்கும், நல்ல பன்னு கிடைக்காது," என்பது அவள் கொள்கை.

கடை ஐந்து மாடி. நாலாவது மாடி முழுக்கத் தோழியர் பிரிவு. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் துணி கண்ணில் படவில்லை. வரிசையாக நாற்காலிகள், டோக்கன் கொடுக்கும் மெஷின், நடுவில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு பொறுப்பாளர். கழுத்தில் அட்டை, காதில் பேனா, முகத்தில் நாங்கள் வந்திருக்கக் கூடாது என்கிற வருத்தம்.

மேடம் உள்ளே நுழைந்ததும் மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். சொந்த வீட்டுக்கு வந்தது போல அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. நடந்துகொண்டிருந்தது ஒன்பது. சாப்பாட்டு வேளை தாண்டித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

"தோழிங்க மூணு பேர். ஒரே மாதிரி கவுன்," என்றாள் மேடம்.

"தோழிங்கன்னு என்ன ஆதாரம்?" என்றார் பொறுப்பாளர்.

நெட்டை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. தோழி இல்லாதவங்க தோழின்னு சொல்லிக்கிட்டு வந்து கவுன் வாங்கிட்டுப் போயிடுறாங்க. அப்புறம் உண்மையான தோழிகளுக்குத் துணி இல்லாமப் போயிடுது. நட்பு சரிபார்த்த பிறகுதான் துணியே கண்ணுல காட்டணும்னு மேலிடத்து உத்தரவு."

மேடம் எங்கள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்: "எவ்வளவு ஒழுங்கு பாத்தியா. எங்க ஆபீஸ்ல இன்னும் இந்த அளவுக்கு வரல."

சரிபார்ப்பு என்பது நேர்காணல். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஒரே கேள்வி: கல்யாணப் பெண்ணிடம் உள்ள ஒரு குறையைச் சொல்லவும்.

நெட்டை போனாள். பத்து நிமிஷம் கழித்து வந்தாள். "ஒண்ணுதான் கேட்டாரு, நான் ஆறு சொன்னேன்," என்றாள். பேக்கரி போனாள், வந்தாள். பிறகு நான் போனேன்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்லீங்க."

"ஒரு குறைகூடவா இல்ல?"

"நல்ல பொண்ணுங்க."

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். நீளமாக எதையோ எழுதினார். பிறகு எல்லாரையும் அழைத்து முடிவைப் படித்தார்.

"முதலாமவர் சொன்னது: தூக்கத்துலகூட 'நாளைக்கு வாங்க'ன்னு உளறுவாங்க. இரண்டாமவர் சொன்னது: கேக்குல கிரீமை மட்டும் வழிச்சுத் தின்னுட்டு மிச்சத்தைத் தட்டுலயே வச்சிடுவாங்க. ரெண்டும் ஒத்துப்போகல. ஆகவே ரெண்டு பேரும் உண்மையான தோழிகள்."

"ஒத்துப்போகலேன்னா எப்படிங்க உண்மை?" என்றாள் பேக்கரி.

"போன வாரம் மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் ஒரே பதில். அப்பவே தெரிஞ்சுபோச்சு, படிச்சுட்டு வந்திருக்காங்கன்னு." என்னைப் பார்த்தார். "இவங்க ஒரு குறையும் சொல்லல. குறை தெரியாத ஆளு எப்படித் தோழி ஆக முடியும்? இவங்களத் தற்காலிகத் தோழின்னு பதிவு பண்றேன். இன்னிக்கு நேரம் முடிஞ்சிருச்சு. துணி பாக்கறதுக்கு நாளைக்கு வாங்க."

நாளைக்கு வாங்க என்று கேட்டதும் மேடத்தின் கண் பனித்ததை நான் பார்த்தேன். தாய்மொழியை வெளியூரில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் போல.

அன்றைக்குப் பேக்கரியின் சித்தி வீட்டில் தங்கினோம். இருந்த இரண்டு அறையில் ஒன்றை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். குட்டியை நடுவில் போட்டு நாலு பேரும் சுற்றிப் படுத்தோம். மேடத்திடம் கவுன் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையை நினைக்கிறாள் என்று விட்டுவிட்டேன். காலையில் கேட்டால், அந்தக் கடை நேர்காணல் முறையைத் தன் அலுவலகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை துணியைக் கண்ணில் காட்டினார்கள். முதலில் நிறம்.

"இது விடிகாலைச் சாம்பல். இது மழைக்கு முந்தின சாம்பல். இது தூங்கி எழுந்த ரோஜா. இது மன்னிப்புக் கேட்ட பச்சை."

நாலும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. பாத்திரம் துடைத்த துணியை அலசாமல் காயப்போட்டால் வருமே, அந்த நிறம்.

"மஞ்சள், சிவப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் பேக்கரி.

பொறுப்பாளர் அக்கம் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கம்மா. பளிச்சுன்னு இருக்கறதெல்லாம் போன வருஷத்தோட நிறுத்தியாச்சு."

மேடம் தூங்கி எழுந்த ரோஜாவைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று கவுன்கள் வந்தன. கையில்லாத கவுன். முன்னால் ஒரு பட்டன்கூட இல்லை, சுவர் மாதிரி இருந்தது. பின்னால் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு ஜிப்.

இனியும் சொல்லாமல் இருந்தால் ஆகாது. பதினாறாவது தடவையாக, இந்த முறை சத்தமாகச் சொன்னேன். "எனக்கு ஜிப்பு முன்னால இருக்கற மாதிரி வேணும். குட்டிக்குப் பால் கொடுக்கணும்."

சத்தமாக என்று நான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற மேடத்துக்கு மட்டும்தான் கேட்டது.

"இதை முதல்லயே விண்ணப்பத்துல எழுதியிருக்கணும்டி," என்றாள். ஆனாலும் அவரிடம் கேட்டாள்.

பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். "மாற்றம் கோர வழி இருக்கு. ஆனா கோரிக்கை வைக்கிறவங்க நிரந்தரத் தோழியா இருக்கணும். இவங்க தற்காலிகம்."

"அவளுக்காக நான் கேக்கறேன்."

"நீங்க மணப்பெண். தோழியே கிடையாது. உங்களுக்கு இந்தப் பிரிவுல எந்த உரிமையும் இல்ல. மணப்பெண் பிரிவு மூணாவது மாடி."

நான் பேசாமல் கவுனை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனேன். போட்டுப் பார்ப்போம், முடியாதென்றால் தோழியாக நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புவோம் என்று நினைத்தேன். சின்ன வயதில் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கல்யாண விளையாட்டு விளையாடும்போது எப்போதும் அவள்தான் பெண், நான்தான் தோழி. மற்ற இரண்டு பேரும் சமையல்காரர்கள்.

திரையை இழுத்துவிட்டுக் கவுனைப் போட்டேன். நெட்டை உள்ளே வந்து ஜிப்பை இழுத்தாள். பாதி வழியில் ஜிப் நின்றது. மேலே இழுத்தால் வரவில்லை, கீழே இழுத்தாலும் வரவில்லை.

வெளியே பேக்கரியின் இடுப்பிலிருந்த குட்டி அந்த நேரம் பார்த்து அழ ஆரம்பித்தான்.

"பன்னு வேணுமாடா? பன்னு பாரு, பன்னு," என்றாள் பேக்கரி. குட்டி பன்னைப் பார்த்து இன்னும் பலமாக அழுதான். அவன் அழுகைக்கு என் உடம்பு என்ன பதில் சொல்லும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். அது எந்தப் பொறுப்பாளர் பேச்சையும் கேட்காது.

"ஜிப்பு மாட்டிக்கிச்சுங்க," என்று நெட்டை தலையை வெளியே நீட்டிச் சொன்னாள். "யாராவது ஆளை அனுப்புங்க, இல்லேன்னா கத்திரியைக் குடுங்க."

"பில் போடாத துணியை வெட்டக் கூடாது. போட்டிருக்கிற துணிக்குப் பில் போடக் கூடாது," என்றார் பொறுப்பாளர். "பழுது பார்க்கிற பிரிவுக்கு எழுதலாம். ஆனா தற்காலிகத் தோழி மாட்டிக்கிட்ட கவுனுக்கு அவங்க வர மாட்டாங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு குறை சொல்லச் சொல்லுங்க. உடனே நிரந்தரம் ஆக்கிடுறேன்."

"சொல்லித் தொலைடி," என்றாள் நெட்டை.

குட்டியின் அழுகை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இடையில் மூச்சு நிற்குமே, அந்தக் கட்டம். திரைக்குப் பின்னால் நிற்பதால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தத் தைரியத்தில் நான் சொன்னேன்.

"குட்டி பொறந்த சான்றுக்கு அவ ஆபீசுக்கு நாலு தடவை போனேங்க. நாலு தடவையும் நாளைக்கு வான்னா. அஞ்சாவது தடவை, பொறந்த குழந்தையை நேர்ல பார்க்கணும்னா. குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன். இது உன் குழந்தைதான்னு என்ன ஆதாரம்னு கேட்டா. குட்டி பொறந்தப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னதே அவதாங்க. தொப்புள்கொடி அறுக்கறதைப் பாத்து மயக்கம் போட்டு விழுந்தவளும் அவதான். இன்னும் சான்று வரல."

வெளியே டோக்கன் மெஷின் மட்டும் யாருக்கோ ஒரு சீட்டுத் துப்பியது.

"அருமை," என்றார் பொறுப்பாளர். பதிவேட்டில் முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. "நிரந்தரத் தோழி. இனி நீங்க பழுது பார்க்கிற பிரிவுக்கு எழுதலாம். திங்கட்கிழமை ஆள் வரும்."

"திங்கட்கிழமை வரைக்கும் நான் இதுக்குள்ளயேவா இருக்கறது?"

"நாற்காலி போடச் சொல்றேன்மா."

அதற்கு மேல் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். கவுனைப் பிடித்து, மாவுப் பானையைத் திருப்புவது போல உடம்பைச் சுற்றி ஒரு திருப்புத் திருப்பினேன். பாதி திறந்த ஜிப் முன்னால் வந்தது. கைகளை மறுபடி வெளியே விட்டேன். "குட்டியைக் குடு," என்றேன். நெட்டை வாங்கிக் கொடுத்தாள். அழுகை நின்றது. அந்த ஐந்து மாடிக் கடையில் அன்றைக்கு ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான்.

பால் குடித்துவிட்டு அவன் தூங்கிய பிறகு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பொறுப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். "கவுனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. மூணு பேரும் ஒரே மாதிரி இருக்கணும்கிறது விதி. ஒருத்தர் மாறினாலும் மூணு பேரோட பதிவும் ரத்து."

எல்லாரும் மேடத்தைப் பார்த்தோம். அவள் முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த குட்டியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொள்கிற மாதிரி ஒரு பாவனை செய்தாள், அன்றைக்கு அவள் சுடிதார்தான் போட்டிருந்தாள்.

"விதிப் புத்தகத்தைக் காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். நாங்கள் ஆளுக்கு ஒரு பன் சாப்பிட்டு முடித்தோம்.

"இதுல முன்பக்கம் எதுன்னு எங்கயும் சொல்லல," என்றாள்.

"முன்பக்கம்னா முன்பக்கம்தாம்மா."

"அதை எழுத்துல காட்டுங்க."

"எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும்கிறது ஆதாரம் ஆகாது. தினமும் நான் அறுபது பேருக்குச் சொல்றேன் இதை." மேஜை மேல் ஒரு தாளை எடுத்து எழுதினாள். "பொருள்: கவுனின் முன்பக்கம் எது என்பது குறித்து விளக்கம் கோருதல். பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

பொறுப்பாளருக்கு வியர்த்தது. தாளை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனார். அங்கே மேலாளர் இருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டச்சு செய்த பதிலோடு இறங்கி வந்தார்.

"ஆய்வு செய்ததில், முன்பக்கம் என்பது பார்ப்பவர் நிற்கும் பக்கம் எனத் தெளிவுபடுத்தப்படுகிறது. மணத்தோழி மேற்படி உடையை அணிந்துள்ள விதம் சரியானதே. எனினும் ஒரே மாதிரி விதியின்படி மற்ற இருவரும் அவ்வாறே அணிய வேண்டும்."

"நாங்க என்னடி பாவம் பண்ணினோம்?" என்றாள் பேக்கரி. ஆனால் உள்ளே போய்த் திருப்பித்தான் போட்டுக்கொண்டு வந்தாள். நெட்டையும் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கழுத்து பின்னால் இறங்கி முன்னால் ஏறி, தொண்டையைப் பிடித்ததில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அதற்காகவே இந்த உடையை நான் வரவேற்கிறேன் என்றாள் மேடம்.

மூன்று பேரும் வரிசையாக நின்றபோது, டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பணக்கார அம்மா எழுந்து வந்தார்.

"இது என்ன மாடல்?"

பொறுப்பாளர் எங்களைப் பார்த்தார், மேலாளரின் கடிதத்தைப் பார்த்தார். தவறு என்று சொன்னால் மேலிடம் தவறு என்று ஆகும்.

"இந்த வருஷ மாடல்," என்றார்.

ஜிப் இப்போது கைக்கு எட்டியதால் நானே அதை ஆட்டி விடுவித்துக் கவுனைக் கழற்றினேன். நாங்கள் பில் போட்டு இறங்குவதற்குள் நாலாவது மாடிப் பொம்மைகளில் பாதிக்குக் கவுனைத் திருப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "புதன்கிழமை வா, சான்று ரெடியா இருக்கும்," என்றாள். நான் தலையாட்டினேன். "ஆதாரம் ஒண்ணும் வேணாம். ரெண்டு போட்டோ மட்டும் கொண்டா," என்றாள். ஆள் திருந்தினாலும் கை திருந்த நாளாகும்.

சான்று வந்தது. கல்யாணமும் நடந்தது. நான் மூன்று மணி நேரமும் மேடையில் நின்றேன். நடுவில் இரண்டு தடவை பந்தலுக்குப் பின்னால் போய்க் குட்டிக்குப் பால் கொடுத்தேன், ஒரு சிரமமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஆறு பேர் கவுனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் புடவையையே திருப்பிக் கட்ட முயற்சி செய்து பாதி வழியில் விட்டிருந்தார்.

நாலு மாதம் கழித்து என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளுக்கும் நான்தான் தோழி. இந்த முறை எங்கள் ஊர்க் கடைவீதிக்கே போனேன். இப்போது எனக்கு அவ்வளவு கூச்சமில்லை. "பால் குடிக்கிற பிள்ளை இருக்கு, ஜிப்பு முன்னால வேணும்," என்று கடைக்காரப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன்.

"எல்லாமே இப்ப முன்னாலதான் வருதுக்கா," என்று எடுத்துப் போட்டாள். நிஜமாகவே ஜிப் முன்னால் இருந்தது. அழகாக, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"எப்படி இப்படி மாத்தினாங்க?"

"எல்லாரும் திருப்பித்தானே போடறாங்க. அப்படிப் போட்டா ஜிப்பு முன்னாடி வந்து பாக்க அசிங்கமா இருக்குன்னு நகரத்துல புகார் வந்துச்சாம். அதான் ஜிப்பை முன்னாடி தச்சுட்டாங்க. திருப்பிப் போட்டா சரியா முதுகுக்குப் போயிடும்."

"திருப்பாம அப்படியே போட்டா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அப்படிப் போடாதீங்கக்கா. கவுன் போடவே தெரியலன்னு பாக்கறவங்க சிரிப்பாங்க."

வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணத்தன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று கவுனை இப்படிப் பிடித்துப் பார்த்தேன், அப்படிப் பிடித்துப் பார்த்தேன். வாசலில் என் மாமியார், ஓரகத்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கிளம்பி நின்றார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் திருப்பித்தான் போட்டிருந்தார்கள்.

நானும் திருப்பித்தான் போட்டேன்.

நான் உட்கார்ந்ததும் குட்டி தவழ்ந்து வந்தான். என் மடியில் ஏறி முன்னால் தடவிப் பார்த்தான். சுவர். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு இறங்கி, என் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு ஜிப்பைத் தேட ஆரம்பித்தான்.